புருவத்தை உயர்த்தினால் ஆமாம்

அன்புள்ள அம்மா,

திருச்சியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். வயது 31. போன ஆகஸ்டில் ஆசிரியர் பரிமாற்ற விசாவில் அமெரிக்காவின் அலாஸ்காவுக்கு வந்தேன். குஸ்கோக்விம் ஆற்றுப் பக்கம், யூபிக் பழங்குடி மக்களின் கிராமம். சாலை கிடையாது. பெத்தெல் என்ற ஊரிலிருந்து சின்ன விமானத்தில்தான் வர வேண்டும். மூடுபனி இறங்கினால் அதுவும் இல்லை.

ஆறாம் வகுப்பில் 14 பிள்ளைகள். யாரும் பேசுவதில்லை. திருச்சியில் நான் கேள்வியை முடிப்பதற்குள் "மிஸ், மிஸ்" என்று முப்பது கை எழும். இங்கே புருவத்தை உயர்த்துவார்கள், அவ்வளவுதான். திமிர் என்று நினைத்து இரண்டு பேரை வெளியே நிறுத்தினேன். புருவத்தை உயர்த்தினால் "ஆமாம்", மூக்கைச் சுருக்கினால் "இல்லை" என்று அக்டோபரில்தான் சொன்னார்கள். முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம் இல்லையா?

செப்டம்பரில் மூஸ் என்ற பெரிய மான் வேட்டை என்று பாதி வகுப்பைக் காணோம். பெற்றோர் கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். எவ்வளவு அலட்சியம்! வந்தவர்களும் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். யாரும் பேசுவதில்லை. டிசம்பரில் காலை பதினொரு மணிக்குத்தான் சூரியனைப் பார்த்தேன், ஐந்துக்குள் போய்விட்டது. பால் விலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். என்னைப் பெற்ற அம்மா அனுப்பிய முறுக்கு ஐந்து வாரம் கழித்து வந்தது. தின்றால் தீர்ந்துவிடுமே என்று பாதியை அப்படியே வைத்திருக்கிறேன். போன் செய்தால், "கண்காணாத ஊரில் எதற்கு இருக்கிறாய்?" என்கிறார்.

ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து பாடம் தயாரிக்கிறேன். என்ன செய்தும் இவர்கள் என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு விஷயம், இது முக்கியமில்லை. பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் எழுபது வயதுப் பாட்டி, செப்டம்பரில் இறந்துபோன தன் தங்கையின் பெயரை எனக்கு வைத்திருக்கிறார். அவர் பேத்தி என் வகுப்பில்தான் படிக்கிறாள். அன்றிலிருந்து டப்பாவில் காய்ந்த சால்மன் மீன் கொண்டுவந்து தருகிறாள். போன மாதம், "அடுத்த வருஷமும் இருப்பீங்கதானே?" என்று கேட்டாள். நான் டெக்சாஸில் ஒரு பள்ளிக்கு ஏற்கெனவே விண்ணப்பம் போட்டிருந்தேன். ஆனாலும் சட்டென்று புருவத்தை உயர்த்திவிட்டேன். சின்னப் பெண், மறந்திருப்பாள்.

இந்தத் தனிமையை எப்படிச் சமாளிப்பது? இந்தப் பிள்ளைகளைப் பேச வைக்க ஒரு வழி சொல்லுங்கள். வகுப்பில் யாரும் பேசுவதில்லை, அம்மா.

- ஒரு வாசகி, அலாஸ்கா

*

அன்பு மகளுக்கு,

பால் விலைக்கும் இருட்டுக்கும் என்னிடம் மருந்து இல்லை. வீட்டை விட்டு அவ்வளவு தூரத்தில், அந்தக் குளிரில் தனியாக இருப்பது பெரிய கஷ்டம்தான். ஆனால் "முக்கியமில்லை" என்று எழுதினீர்களே, அதை நான் மூன்று தடவை படித்தேன்.

யூபிக் மக்களிடம் இறந்தவர் பெயர் இன்னொருவருக்குப் போகும், பெரும்பாலும் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு. பெயரோடு இறந்தவரின் ஏதோ ஒன்று கூடவே வருகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் உறவுமுறையும் வந்துவிடும். ஐந்து வயதுப் பையனை, தன் அப்பாவின் பெயர் அவனுக்கு இருப்பதால், ஒரு பெண் "அப்பா" என்று கூப்பிடுவாள். அப்பாவுக்குப் பிடித்ததை அவனுக்குக் கொடுப்பாள். நமக்கு இது விளங்காத விஷயமா? பேரன் என்ற சொல்லே பெயரன்தான். மாமனார் பெயரை வைத்த மகனை அந்தப் பெயரால் கூப்பிட வாய் வராமல் "ராசா" என்றே வளர்த்த அம்மாக்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்!

அந்த மீனை அந்தப் பெண் டீச்சருக்காகக் கொண்டுவரவில்லை. தன் சின்னப் பாட்டிக்குக் கொண்டுவருகிறாள். உங்களைத் தங்கள் வீட்டு ஆளாக்கி மாதக்கணக்கில் ஆகிறது. நீங்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்றுக்கொள்ளவில்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

பெற்றோர் கூட்டத்துக்கு வராததை அலட்சியம் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கிராமங்களில் பலவற்றில் முன்பு உயர்நிலைப் பள்ளியே இல்லை. மாலி ஹூச் என்ற யூபிக் மாணவியின் பெயரில் 1972-இல் ஒரு வழக்கு தொடுத்தார்கள். 1976-இல் அது உடன்பாட்டில் முடிந்து, சொந்த ஊரிலேயே உயர்நிலைப் பள்ளி நடத்த மாநில அரசு ஒப்புக்கொண்டது. அதுவரை எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி விடுதிப் பள்ளிக்குப் போனார்கள், சிலர் ஒரேகான் மாநிலம் வரைக்கும். பள்ளியில் தாய்மொழி பேசியதற்கு அடி வாங்கியவர்களும் உண்டு. உங்கள் பாட்டிக்கு எழுபது வயது என்கிறீர்கள். கணக்கு டீச்சர் நீங்கள், போட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடம் என்றால் பிள்ளையை வீட்டிலிருந்து கொண்டுபோகிற இடம் என்று பார்த்து வளர்ந்த தலைமுறை அவருடையது. அப்படிப்பட்டவர் பள்ளிக்கு வந்த உங்களுக்குத் தங்கையின் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

இனிச் சொல்வது உங்களுக்குக் கசக்கும். டெக்சாஸுக்கு விண்ணப்பித்தது தவறே இல்லை. போகத்தான் வேண்டும் என்றால் போங்கள். ஆனால் அந்தப் பெண் கேட்டபோது நீங்கள் செய்தது தவறு. அவர்கள் பாஷையில் நீங்கள் சொன்னதாக உங்கள் கடிதத்தில் வருவது அந்த ஒரு "ஆமாம்"தான். அது பொய். பெயர் வைத்த உறவிடம் கேட்ட கேள்வி அது, அவள் மறக்கமாட்டாள். உங்களாலும் மறக்க முடியவில்லை, அதனால்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆகஸ்டில் வகுப்பின் அமைதி உங்களுக்குப் புரியாத ஒன்றாக மட்டும்தான் இருந்திருக்கும். இப்போது அந்த அமைதிக்குள் அவள் உட்கார்ந்து உங்களைப் பார்க்கிறாள். உங்களைக் குத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

பேச வைக்க வழி கேட்டீர்கள். கேள்வி கேட்டபின் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள், ஒருத்தரை மட்டும் எழுப்பி நிறுத்தாதீர்கள். இதற்கு மேல் என்னிடம் வித்தை இல்லை.

டெக்சாஸிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே அந்தப் பாட்டி வீட்டுக்குப் போங்கள். பேத்தியும் இருக்கட்டும். விண்ணப்பம் போட்டிருப்பதையும், அன்று புருவத்தை உயர்த்தியது பொய் என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் உடனே எதுவும் பேசாமல் இருக்கலாம். எழுந்து வந்துவிடாதீர்கள், கூடவே உட்கார்ந்திருங்கள். அந்த மீன் டப்பாக்களைக் கழுவி எடுத்துப் போங்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரும் வழக்கம் நம்மிடம் இல்லையே, அந்த மிச்ச முறுக்கைப் போட்டுக் கொடுங்கள்.