அண்ணனின் ஸ்டீம் விளையாட்டுகளைத் தம்பியும் விளையாட வழி உண்டா?

கேள்வி: என் மூத்த மகன் (வயது 19) சில ஆண்டுகளாக ஸ்டீம் என்ற இணையக் கடையில் கணினி விளையாட்டுகளை வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறான். இளையவன் (14) தன் கணினியில் அண்ணனின் கடவுச்சொல்லைப் போட்டு விளையாடுகிறான். இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் சண்டை வருகிறது. அவனுக்கென்று எல்லாவற்றையும் மறுபடி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. முதலில் கடவுச்சொல்லைப் பகிர்வதை நிறுத்துங்கள். அது ஸ்டீமின் பயனர் ஒப்பந்தத்துக்கு எதிரானது. இளையவர் 13 வயதைக் கடந்துவிட்டதால் தன் பெயரில் கணக்கு தொடங்கலாம், அதற்குக் கட்டணமில்லை. நீங்களும் ஒரு கணக்கு தொடங்கி, செட்டிங்ஸில் உள்ள ஃபேமிலி பகுதிக்குச் சென்று குடும்பத்தை உருவாக்கி, மூத்தவரைப் பெரியவராகவும் இளையவரைச் சிறுவராகவும் சேருங்கள். ஒரே வீட்டில் வசிக்கும் ஆறு பேர் வரை இதில் இருக்கலாம்.

2013இல் வந்த பழைய பகிர்வு முறையில், ஒருவர் விளையாடத் தொடங்கினால் அந்த லைப்ரரி (கணக்கில் வாங்கிச் சேர்த்த விளையாட்டுகளின் தொகுப்பு) முழுவதுமே மற்றவர்களுக்குப் பூட்டப்பட்டுவிடும். 2024 செப்டம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஸ்டீம் ஃபேமிலீஸ் முறையில் அந்தத் தொல்லை இல்லை. அண்ணன் ஒரு விளையாட்டில் இருக்கும்போதே, அவருடைய லைப்ரரியிலுள்ள வேறொன்றைத் தம்பி விளையாடலாம். ஒரே விளையாட்டை இருவரும் ஒரே நேரத்தில் விளையாட விரும்பினால் மட்டுமே இரண்டாவது பிரதி தேவைப்படும். சேமித்த ஆட்டங்களும் சாதனைகளும் அவரவர் கணக்கிலேயே தனித்தனியாக இருக்கும். எல்லா விளையாட்டுகளும் பகிரக் கிடைக்காது: வேறொரு நிறுவனத்தின் கணக்கோ சந்தாவோ கேட்பவை பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். வாங்கும் முன் அதன் ஸ்டோர் பக்கத்தில் ‘ஃபேமிலி ஷேரிங்’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் பலரும் கவனிக்காமல் விடுவது தடை பற்றிய விதியைத்தான். அண்ணனின் பிரதியில் விளையாடும் தம்பி, ஏதேனும் ஏமாற்று மென்பொருளைப் பயன்படுத்திப் பிடிபட்டால், அந்த விளையாட்டில் அவருக்கு மட்டுமல்லாமல், அதை விலை கொடுத்து வாங்கிய அண்ணனுக்கும் தடை விழும். பதினான்கு வயதில் நண்பர்கள் அனுப்பும் ‘சீட்’ கோப்புகளை முயன்று பார்க்கும் ஆர்வம் இயல்பானதுதான் என்பதால், பகிரத் தொடங்கும் முன்பே இதை இளையவரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். இணையப் போட்டி விளையாட்டுகளை அவருடைய கணக்கில் தடுத்து வைப்பது இன்னும் பாதுகாப்பானது. சிறுவர் கணக்குக்கு எந்தெந்த விளையாட்டு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்பதைப் பெரியவர்கள் வரையறுக்கலாம்; அவர் வாங்க விரும்பும் விளையாட்டுக்கான கோரிக்கை உங்களுக்கு வரும், நீங்கள் ஒப்புதல் தந்து பணம் செலுத்தலாம்.

உறவினர் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்க்கலாமே என்று தோன்றும். ஒரே வீட்டார் என்ற விதி ஒருபுறம் இருக்க, ஒரு குடும்பத்தில் சேர்ந்த பெரியவர் விலகினால், சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும் வரை வேறு குடும்பத்தில் சேர முடியாது. அவர் விட்டுச்சென்ற இடமும் அதே காலம்வரை காலியாகவே கிடக்கும். சேரும்போது அனைவரின் கணக்குகளும் ஒரே நாட்டுக்குரியவையாக இருக்க வேண்டும் என்பதால், மூத்தவர் மேற்படிப்புக்கு வெளிநாடு செல்லும் எண்ணத்தில் இருந்தால், தம்பி விரும்பி ஆடும் ஓரிரு விளையாட்டுகளை மட்டுமாவது இளையவர் பெயரிலேயே வாங்கிவிடுவது நல்லது.