வாசகர் கேள்வி – பதில்: யூதர் வழிபாட்டுக்கு நாம் போகலாமா?

கேள்வி: அடுத்த மாதம் நானும் கணவரும் மும்பை போகிறோம். அங்குள்ள யூத ஜெப ஆலயத்தில் வெள்ளிக்கிழமை வழிபாட்டை உட்கார்ந்து பார்க்க ஆசை. நாங்கள் இந்துக்கள். உள்ளே விடுவார்களா?
– வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: விடுவார்கள், ஆனால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். 2008 நவம்பர் தாக்குதலில் மும்பையின் நரிமன் ஹவுஸ் யூத மையமும் இலக்கானது. அதன்பிறகு காவல் பலம். ஒரு வாரம் முன்னதாகவே தொடர்புகொண்டு பெயர், வரும் நாள் சொல்லுங்கள். அசல் ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். காலா கோடாவில் 1884-ல் கட்டப்பட்ட கெனசெத் எலியாஹூ ஆலயம் வெளியூர்க்காரர்கள் எளிதில் கண்டுபிடிக்கும் இடத்தில் இருக்கிறது.

முதல்முறைக்கு வெள்ளி மாலையே நல்லது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடியும். சனி காலை வழிபாடு இரண்டரை, மூன்று மணி நேரம்கூட ஆகும். வெள்ளி வழிபாடு சூரியன் மறைவதை ஒட்டித் தொடங்குவதால் நேரம் வாரா வாரம் மாறும். அந்த வாரத்து நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளி சூரியன் மறைந்ததும் 'ஷபாத்' எனும் வாராந்திர ஓய்வுநாள் பிறந்துவிடும். அதன்பின் அவர்கள் எழுதமாட்டார்கள், பணம் தொடமாட்டார்கள், மின்கருவி இயக்கமாட்டார்கள். நம் ஆட்கள் தவறுவது இங்கேதான். செல்போனை சைலன்ட்டில் போட்டால் போதாது, கேட்டுக்கு வெளியிலேயே அணைத்துவிடுங்கள். குறிப்பெடுக்காதீர்கள். காணிக்கை நீட்டாதீர்கள். பழம், இனிப்பு கொண்டுபோக வேண்டாம். அவர்களின் உணவு விதி கடுமையானது.

கணவர் தலையை மூட வேண்டும். வாசலில் குல்லா வைத்திருப்பார்கள், கைக்குட்டையும் ஆகும். தோளில் போடும் குஞ்சமுள்ள சால்வை யூதர்களுக்கு மட்டுமே உரியது, கொடுத்தாலும் பணிவாக மறுத்துவிடலாம். உங்களுக்குச் சேலை போதும், கை மட்டும் முழங்கை வரை மூடியிருக்கட்டும். பெண்களுக்குத் தனி இடம், பல ஆலயங்களில் மாடியில். தம்பதியாக அருகருகே உட்கார முடியாது.

ஜெபப் புத்தகம் வலமிருந்து இடமாகப் புரளும். அதைத் தரையில் வைக்கவே கூடாது. எல்லோரும் எழுந்தால் எழுந்திருங்கள். குனிவதும் வணங்குவதும் உங்களுக்குக் கட்டாயமில்லை. ஓய்வுநாளை வரவேற்கும் பாட்டின் கடைசிப் பகுதியில் சபையே வாசல் பக்கம் திரும்பும். பதறாமல் நீங்களும் திரும்புங்கள். பிறகு பாதங்களைச் சேர்த்து நின்று ஓசையில்லாமல் ஜெபிப்பார்கள். அப்போது ஒருவர் முன்னாலும் குறுக்கே நடக்காதீர்கள். வழிபாட்டில் மிக ஆழமான நேரம் அது.

முடிந்ததும் 'ஷபாத் ஷாலோம்' என்று வாழ்த்துங்கள். திராட்சை ரசம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், பாட்டிலை மட்டும் நீங்களாக எடுத்து ஊற்றாதீர்கள். பிற மதத்தார் கைபட்ட ரசத்தைப் பலர் குடிப்பதில்லை.

கேள்வி: கொச்சி பக்கம்தானே, அங்கே பார்க்க முடியாதா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: கட்டடத்தைப் பார்க்கலாம். 1568-ல் எழுந்த மட்டாஞ்சேரி பரதேசி (வெளிநாட்டார் என்று பொருள்) ஆலயத்தின் தரையில் சீனாவில் கையால் வரைந்த நீல ஓடுகள் பதித்திருக்கிறார்கள், அதற்காகவே போகலாம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வழிபாடு நடப்பது மிக அரிது. கூட்டு ஜெபத்துக்கு 13 வயது நிறைந்த ஆண்கள் 10 பேர் வேண்டும். கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறிவிட்டார்கள். வெள்ளி காலை தருமபுரியில் எர்ணாகுளம் இன்டர்சிட்டி ஏறினால் மாலையில் மூடிய கதவைத்தான் பார்ப்பீர்கள், சனியும் அடைப்பு. ஞாயிறு முதல் வியாழனுக்குள் போய்வாருங்கள்.