நேயர் கூடக் கூடக் கடன்

கேள்வி: அமெரிக்காவில் சிறிய இணைய வானொலிகள் பல, நேயர்கள் இருந்தும் ராயல்டி கட்ட முடியாமல் மூடப்பட்டதாகச் சொல்கிறார்கள். கலைஞர்களுக்குச் சேர வேண்டிய பணம் ஒரு வானொலியை எப்படி மூட வைக்கும்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கலைஞர்களுக்குப் பணம் சேர வேண்டும் என்பதில் இரு வேறு கருத்துக்கு இடமில்லை. நிர்வாகச் செலவு போக, வசூலாகும் தொகையில் 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கும், 5 சதவீதம் பக்கவாத்தியக்காரர் உள்ளிட்ட பிற கலைஞர்களுக்கும், மீதி ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும் போகிறது. சிக்கல், அந்தத் தொகையைக் கணக்கிடும் முறையில்தான் இருக்கிறது.

ஒரு பாடலை எத்தனை பேர் கேட்கிறார்களோ அத்தனை முறை கட்டணம் செலுத்த வேண்டும். 2007 மார்ச்சில் அந்நாட்டுப் பதிப்புரிமை ராயல்டி வாரியம் இந்தக் கட்டணத்தை 2006ஆம் ஆண்டுக்கு முன்தேதியிட்டு 0.08 சென்ட் என்று தொடங்கி, 2010இல் 0.19 சென்ட் வரை உயர்த்தியது. பார்வைக்கு அற்பமான இந்தத் தொகையை, எந்நேரமும் ஆயிரம் பேர் கேட்கிற, மணிக்குப் பதினைந்து பாடல்கள் ஒலிபரப்புகிற ஒரு நிலையத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: 2010ஆம் ஆண்டு விகிதப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலர் வருகிறது. விளம்பரமோ நன்கொடையோ அந்த அளவுக்குக் கிடைக்காத நிலையத்துக்கு, புதிய நேயர் ஒவ்வொருவரும் புதிய கடனாகிவிடுகிறார். இதை எதிர்த்து 2007 ஜூன் 26 அன்று பல நிலையங்கள் ஒலிபரப்பை நிறுத்தி மௌனம் காத்தன.

அந்தப் போராட்டத்துக்குப் பிறகு ஏற்பட்ட உடன்பாடுகளால், சிறிய நிலையங்கள் வருமானத்தில் ஒரு பங்கைச் செலுத்தினால் போதும் என்ற வழி பிறந்தது. 2015 முடிவில் அந்த வழி அடைபட்டது. 2016இல், சந்தா வாங்காமல் விளம்பரத்தால் நடக்கும் நிலையங்களுக்கான விகிதம் 0.17 சென்ட்தான் என்றாலும், ஆயிரக்கணக்கான சிறு நிலையங்களுக்கு இடம் தந்திருந்த லைவ்365, முதலீட்டாளர்களும் விலகிய நிலையில், அவ்வாண்டு ஜனவரி இறுதியில் மூடப்பட்டது. (அடுத்த ஆண்டு வேறொருவர் கையில் அது மீண்டும் தொடங்கியது.) ஆக, விகிதத்தின் உயர்வைவிட, வருமானத்தோடு தொடர்பே இல்லாத கணக்குதான் சிறியவர்களை வீழ்த்துகிறது என்பது என் உறுதியான கருத்து.

இதைவிட வேதனை தருவது, ஊடகத்துக்கு ஊடகம் காட்டப்படும் பாகுபாடு. அங்குள்ள எஃப்.எம். நிலையங்கள் பாடலை எழுதி இசையமைத்தவர்களுக்குப் பணம் தருகின்றனவே தவிர, ஒலிப்பதிவுக்காகப் பாடகருக்கும் நிறுவனத்துக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. செயற்கைக்கோள் வானொலிக்கோ 2007இல் வருமானத்தில் 6 சதவீதம் என்றே விதித்தார்கள். பெரிய நிறுவனத்துக்குப் பொருந்திய அந்தச் சதவீதக் கணக்கைச் சிறிய இணைய வானொலிகளுக்கும் சட்டப்படி நிரந்தரமாக வழங்க வேண்டும். ஆனால் 2021இல் விகிதம் 0.21 சென்ட்டாகவும், ஆண்டுக்கான குறைந்தபட்சக் கட்டணம் 500 டாலரிலிருந்து 1,000 டாலராகவும் உயர்த்தப்பட்டன.