நாம் சாகோவும் கொரியாவின் ஆரூட ஏடுகளும்: கேள்வி பதில்

கேள்வி: சார், "கொரியாவின் நாஸ்ட்ரடாமஸ்" என்று ஒரு யூடியூப் வீடியோவில் நாம் சாகோ என்பவரைப் பற்றிப் பார்த்தேன். நிஜமாகவே இருந்தவரா, இல்லை கர்ண பரம்பரைக் கதையா?

பதில்: இருந்தவர்தான். 1509-இல் கிழக்குக் கடலோரம் உல்ஜினில் பிறந்து 1571-இல் இறந்தார், ஆரூடம் சொன்ன பிரெஞ்சுக்காரர் நாஸ்ட்ரடாமஸும் கிட்டத்தட்ட அதே காலம் என்பதால் பட்டம் வசதியாக ஒட்டிக்கொண்டது. சாமியார் எல்லாம் இல்லை, படித்த மனிதர். அன்றைக்குக் கொரியாவை ஆண்ட ஜோசோன் அரசின் வானியல் அலுவலகத்தில் பாடம் சொல்லும் உத்தியோகம் பார்த்தவர். நட்சத்திரம் கவனிப்பது, பஞ்சாங்கம் கணிப்பது, கல்லறைக்கும் அரண்மனைக்கும் இடம் பார்ப்பது எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் நடந்த வேலை.

கேள்வி: அப்படி என்னதான் சொன்னார்? பலித்ததா?

பதில்: 1575 வாக்கில் அரசவை கிழக்கு அணி, மேற்கு அணி என்று உடையும், 1592-இல் ஜப்பான் படையெடுக்கும் என்று முன்கூட்டியே சொன்னதாக அவர் இறந்த பிறகு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த "பிறகு" என்ற சொல்லைக் கவனியுங்கள். எனக்குப் பிடித்தது அவர் கோட்டை விட்ட கதைகள்தான். தந்தையைப் புதைக்க நல்ல இடம் தேடி, புதைப்பார், மறுபடி பார்ப்பார், ஏதோ குறை தெரியும், தோண்டி எடுத்து வேறு மலைக்குப் போவார். ஒன்பது முறை மாற்றி, பத்தாவது இடத்தில், வானத்துக்கு ஏறும் டிராகன் வடிவ மலை கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக மண்ணை மூடும்போது, கூலிக்கு மண் சுமந்த ஒருவன் பாட்டுக் கட்டினான்: இது பறக்கும் டிராகன் இல்லையப்பா, மரத்தில் தொங்கும் காய்ந்த பாம்பு! இன்னொரு கதையில் ஒரு நட்சத்திரம் மங்குகிறது. அலுவலகத்தின் மூத்த அதிகாரி தன் காலம் முடிந்தது என்று பயப்படுகிறார், நாம் சாகோ சிரித்துக்கொண்டே "அது வேறு ஆளுக்கு" என்கிறார். போனது நாம் சாகோவே.

கேள்வி: கியோகாம் யூரோக் என்ற ஆரூடப் புத்தகத்தில், கொரியாவைப் பிரித்த 38-ஆவது அட்சரேகையையும் போர் நிறுத்தம் கையெழுத்தான பன்முன்ஜோமையும் துல்லியமாகச் சொல்லியிருக்கிறாராமே? இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: கியோகாம் அவருடைய புனைபெயர், அதனால் புத்தகமும் அவருடையது என்று நம்பிவிடுகிறோம். ஆனால் அந்தக் கையெழுத்துப் பிரதி தென் கொரிய தேசிய நூலகத்துக்கு வந்தது 1977-இல், அதுவும் 1944-இல் படியெடுத்ததாகச் சொல்லிக்கொண்டு. பன்முன்ஜோம் என்பதை எழுதும் மூன்று சீன எழுத்துகளுக்கும் தலா எட்டுக் கோடுகள், மூன்று எட்டு, 38! படிக்கும்போது புல்லரிக்கத்தான் செய்யும். கொரியப் போர் நிறுத்தம் அங்கே கையெழுத்தானது 1953-இல், அதற்குப் பிறகு உட்கார்ந்து எழுதியவருக்கு இது சுலபம். பைபிள் வாசகங்களை ஒத்த பகுதிகளும், 16-ஆம் நூற்றாண்டில் புழங்காத நவீனச் சொற்களும் உள்ளே கிடக்கின்றன. ஆய்வாளர்கள் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டுப் போலி என்றே சொல்கிறார்கள், நானும் அந்தக் கட்சிதான். தங்கள் குருவே வரப்போகும் இரட்சகர் என்று காட்ட விரும்பிய புது மதக் குழுக்களுக்கு மட்டும் அது நன்றாகப் பயன்பட்டது.

கேள்வி: அப்படியென்றால் இந்த ஏடுகள் எல்லாமே டுபாக்கூரா அண்ணா?

பதில்: இல்லை தம்பி, அவசரப்படாதீர்கள். எதிர்காலம் தெரிந்துகொள்ள அவற்றைப் படித்தால் ஏமாற்றம்தான், எழுதிய காலத்து மக்கள் எதை வேண்டினார்கள் என்று பார்க்கப் படித்தால் புதையல். ஜோங்காம்நோக் என்று ஒன்று, 18-ஆம் நூற்றாண்டிலிருந்து கைப்பிரதிகளாகச் சுற்றியது: ஜோசோனை ஆளும் யீ வம்சம் விழும், ஜோங் குலத்தவன் கெரியோங் மலையடிவாரத்தில் புது அரசு அமைப்பான். யோசித்துப் பாருங்கள், ராஜாவின் குடும்பமே போய்விடும் என்று எழுதிய தாளை வீட்டில் வைத்திருப்பது! அதற்கெல்லாம் வெகு முன்பே, 1457-இல் செஜோ மன்னர் இப்படிப்பட்ட ஏடுகளைத் திரட்டச் சொன்னார், 1469-இல் ஒளித்து வைத்தால் தலை போகும் என்றே ஆணை வந்தது. அப்படியும் அழியவில்லை. 1811-இல் வடமேற்கில் ஹோங் கியோங்நே கலகம் செய்தபோது, ஜோங் என்ற புனித மனிதர் வந்துவிட்டார் என்று அறிக்கை விட்டே ஆள் சேர்த்தார். அடுத்த ஆண்டே நசுக்கிவிட்டார்கள். ஆட்கள் சேர்ந்தது மட்டும் கணிப்பு பலித்ததால் இல்லை, வரியும் பஞ்சமும் கழுத்தை நெரித்ததால்.

கேள்வி: கெரியோங் மலையில் இப்போது என்ன இருக்கிறது?

பதில்: ராணுவத் தலைமையகம். அங்கே குவிந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன மதக் குழுக்களை 1980-களில் காலி செய்துவிட்டுக் கட்டினார்கள்.

கேள்வி: போர், பஞ்சம், நோய் அண்டாத பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் உண்டாமே, யாராவது நம்பிப் போனார்களா?

பதில்: போனார்கள், குடும்பத்தோடு! அந்தப் பட்டியலையும் நாம் சாகோ தலையில்தான் கட்டுகிறார்கள். அதில் பேர் பெற்றது பூங்கி என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம். வடக்கே பியோங்கான் பகுதியிலிருந்து பலர் ஏட்டை நம்பி அங்கே குடியேறினார்கள். கூடவே நெசவுத் தொழிலையும் கொண்டுவந்தார்கள். பட்டியலில் உள்ள எல்லா இடமும் தப்பவில்லை, ஜிரி மலைப் பக்கம் 1948-க்குப் பிறகு கெரில்லாச் சண்டையில் ஊர் ஊராகச் சீரழிந்தது. பூங்கியில் இன்றைக்கும் ரேயான் துணி நெய்கிறார்கள், கொரியக் கோடைக்கு உடம்பில் ஒட்டாத துணி. அந்தப் பக்கம் போனால் ஜின்செங் மூலிகை வேர் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள், அந்தத் துணியையும் கேட்டு வாங்குங்கள்.