பாசிட்ரான் பிளாஸ்மாவை வைத்துக் குளிர் இணைவு நடத்த முடியுமா?

பாசிட்ரான் பிளாஸ்மாவால் குளிர் இணைவு கைகூடும் என்கிறார்களே, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாசிட்ரான் என்பது எலக்ட்ரானின் எதிர்த்துகள், அது வாயு மாதிரிக் கூட்டமாக இருந்தால் பாசிட்ரான் பிளாஸ்மா. குளிர் இணைவு என்பது அணுக்கருக்களைச் சாதாரண வெப்பநிலையிலேயே ஒன்றுசேர்த்து ஆற்றல் எடுப்பது. யாரோ உங்களிடம் முதலீடு கேட்டு வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கொடுக்காதீர்கள். இதே பேச்சை நம்பி எங்கள் மாமா நாலு லட்சத்தை விட்டார்.

எங்களுக்குச் சோமனூர் பக்கம் தறிகுடோன். நான் எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு அப்பாவுக்குப் பிறகு குடோனைப் பார்க்கிறேன். 2022-ல் கரண்ட் கட்டணம் ஏறிய சமயம் ஒருத்தர் வந்தார். கனநீர் (டியூட்டீரியம் என்கிற கனமான ஹைட்ரஜன் உள்ள நீர்), பல்லேடியம் என்கிற உலோகம், பாசிட்ரான் எல்லாம் உள்ளே இருக்கிற பெட்டியாம், தறிக்கு வேண்டிய கரண்ட் மொத்தமும் தருமாம். "வேண்டாமுங்க மாமா" என்றேன். "நீ படிச்சது பழசு கண்ணு" என்றுவிட்டார். ஏற்கெனவே ஈமு கோழியில் பணத்தை விட்டவர். வேண்டாம் என்றதோடு நிறுத்தாமல் நான் உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும், அது இன்னும் உறுத்துகிறது.

விளக்கம் இவ்வளவுதான். இரண்டு டியூட்டீரிய அணுக்கருக்கள் சேர வேண்டுமென்றால் மிக நெருங்க வேண்டும். மியூவான் என்கிற துகள் அதைச் செய்கிறது, ஏனென்றால் எலக்ட்ரானைவிட 207 மடங்கு கனம், எலக்ட்ரானின் இடத்தில் அது உட்கார்ந்தால் மூலக்கூறே அத்தனை சுருங்கிவிடுகிறது. இது ஆய்வகத்தில் நிஜமாக நடக்கிற இணைவு, ஆகவே நான் அறிவியலுக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். பாசிட்ரானுக்கோ எலக்ட்ரானின் எடைதான், மின்னூட்டமும் நேர், அணுக்கரு அதைத் தள்ளிவிடும். காமாக் கதிரிலிருந்து அதை உண்டாக்கக் குறைந்தது 1.022 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் செலவு, எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது திரும்ப வருவதும் அவ்வளவுதான். இதில் லாபம் எங்கே?

1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டாவில் ஃபிளைஷ்மன், பான்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் கனநீரையும் பல்லேடியத்தையும் வைத்துக் குளிர் இணைவு நடத்திவிட்டதாக அறிவித்ததை உலகம் முழுக்க எத்தனையோ பேர் செய்து பார்த்தார்கள். கூகுள் பணம் கொடுத்து நடந்த ஆய்வும் 2019-ல் அப்படி ஒரு இணைவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றுதான் முடிந்தது.

பாசிட்ரான் வீண் என்று சொல்ல மாட்டேன். போன வருசம் கோயம்புத்தூரில் அம்மாவுக்குப் பெட் ஸ்கேன் எடுத்தபோது உடம்புக்குள் ஏற்றிய சர்க்கரையில் இருந்த ஃபுளோரின்-18 பாசிட்ரானைத்தான் விட்டது. அதற்கு அரை ஆயுள் 110 நிமிசம், அதாவது அந்த நேரத்துக்குள் பாதி சிதைந்துவிடும், அதனால் மருந்து வந்ததும் அவசர அவசரமாக ஏற்றினார்கள். உலோகத்துக்குள் அணு இல்லாத காலி இடங்களைக் கண்டுபிடிக்கவும் பாசிட்ரான் உதவுகிறது, கல்பாக்கத்தில் அந்த வேலை நடக்கிறது. குளிர் இணைவு ஆராய்ச்சியில் அதற்கு இடம் உண்டென்றால், பல்லேடியத்துக்குள் எட்டிப்பார்க்கிற இந்த வேலைதான்.

மாமாவை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? கரண்ட் ஏறுகிறது, நூல் ஏறுகிறது, துணி நெய்து கொடுப்பதற்கு எங்களுக்குக் கிடைக்கிற கூலி மட்டும் ஏறுவதில்லை, பேசி முடித்த கூலியைக்கூட நூல் கொடுத்து நெய்யச் சொல்கிறவர்கள் குறைத்துக் கொடுக்கிறார்கள். நெருக்கடியில் இருக்கிறவன் பெட்டியோடு வருகிறவனை நம்பத்தான் செய்வான்.

உங்களிடம் வந்தவரிடம் ஒன்று கேளுங்கள். பாசிட்ரான் எலக்ட்ரானோடு சேர்ந்து அழிகிற இடத்தில் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிர் வந்தே ஆகும். அதை உங்கள் கண்முன் அளந்து காட்டச் சொல்லுங்கள்.