பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதல் தெரிவாக எதைப் போடுவது?

விருப்பமான பாடநெறியையே முதலில் போடுங்க, தங்கச்சி. "எட்டாததை மேலே போட்டால் கீழே உள்ளதும் போயிடும்" என்று டியூஷனில் சொன்னது தவறு. மாணவரைத் தெரிவு செய்வது இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றைப் பாடங்களுக்கிடையே ஒப்பிடக் கணிக்கும் புள்ளி) வரிசைப்படிதான்; உங்கள் பட்டியலில் புள்ளி எட்டுகிற முதல் இடம் உங்களுக்கு.

வாய்ப்பு நழுவுவது பெரும்பாலும் வேறு காரணத்தால். ஒரே பாடநெறிக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனி யூனிகோட் (விண்ணப்பத்தில் எழுதும் குறியீடு) உண்டு. பேராதனையை மட்டும் போட்டுவிட்டு யாழ்ப்பாணம், கிழக்கு, ரஜரட்டையை விட்டுடாதீங்க!

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கடந்த வருட வெட்டுப்புள்ளி (இடம் கிடைத்த ஆகக் குறைந்த இசட் புள்ளி) அட்டவணையில் நம்ம மாவட்டமான நுவரெலியாவின் நிரலைப் பாருங்க. கண்டி நிரலைப் பார்த்து மனம் தளர வேண்டாம். கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களில் நம்மதும் ஒன்று. அவற்றுக்கென 5% இடம் தனியாக இருக்கு.

வெட்டுப்புள்ளி வருடாவருடம் மாறும். உளச்சார்புப் பரீட்சை (அந்தத் துறைக்கான திறனைப் பார்க்கும் தனிப் பரீட்சை) உள்ள பாடநெறிக்குப் பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்கணும்.