கேள்வி நேரம்: எட் ஷீரனின் காலடியில் ஒரு பெட்டி

கேள்வி: இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் மேடையில் தனியாகத்தான் நிற்கிறார். ஆனால் டிரம்ஸ், பேஸ், கோரஸ் எல்லாம் கேட்கிறதே. முன்கூட்டியே பதிவு செய்து ஓடவிடுகிறாரா?
(வாசகி, திருச்சி)

இல்லை. நீங்கள் கேட்பதெல்லாம் அந்த மேடையில், அந்த நிமிடத்தில் உருவானது. அவர் காலடியில் இருக்கும் பெட்டிக்கு லூப் பெடல் என்று பெயர். ஒருமுறை மிதித்தால் பதிவு தொடங்கும். மறுமுறை மிதித்தால் பதிவு நின்று, அந்தத் துண்டு திரும்பத் திரும்ப ஓடும். அது ஓடும்போதே அதன்மேல் அடுத்த அடுக்கைப் பதியலாம்.

அவர் கையைக் கவனியுங்கள். முதலில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் கிட்டாரின் உடம்பில் ‘தொம்’ என்று தட்டுவார். அது பேஸ் டிரம். கம்பிகளை அமுக்கிப் பிடித்து ‘சக்’ என்று அடிப்பார், அது ஸ்னேர் என்ற சின்ன டிரம். அடுத்து கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது), பிறகு மெல்லிய கம்பிகளில் ஒரு சின்ன மெட்டு, கடைசியாக மைக்கில் இரண்டு மூன்று சுருதிகளில் ‘ஓ’ என்று கோரஸ். இவ்வளவும் அடுக்கிய பிறகுதான் பாட்டு முழு வேகத்தில் கிளம்பும். நடுவில் சில அடுக்குகளை நிறுத்திவிட்டு, பல்லவி வரும்போது மொத்தமாகத் திறந்துவிடுவார். அரங்கமே எழுந்து ஆடுவது அந்த இடத்தில்தான். 2015 ஜூலையில் லண்டன் வெம்பிளி ஸ்டேடியத்தில் மூன்று இரவுகள், கிட்டாரையும் இந்தப் பெட்டியையும் மட்டும் வைத்துக்கொண்டு பாடினார்.

ஆரம்பத்தில் அவர் வைத்திருந்தது கடையில் யாரும் வாங்கக்கூடிய ‘பாஸ்’ கம்பெனி லூப் ஸ்டேஷன். பெரிய அரங்குகளுக்குப் போனதும், கணினியோடு இணைந்த ‘சூயி மான்ஸ்டா’ என்ற பெட்டியைத் தனக்கென்றே செய்துகொண்டார். 2023இல் அவர் பெயரிலேயே இரண்டு டிராக் (தனித்தனியாகப் பதியும் தடம்) கொண்ட ‘லூப்பர் பிளஸ்’, நான்கு டிராக் கொண்ட ‘லூப்பர் எக்ஸ்’ இரண்டும் விற்பனைக்கு வந்தன.

கேள்வி: நானும் ஒரு லூப் பெடல் வாங்கினேன். இரண்டாவது சுற்றிலேயே தாளம் நொண்டுகிறது. என்ன தவறு?
(வாசகர், கோவை)

தவறு பெரும்பாலும் பெட்டியில் இருக்காது, காலில்தான் இருக்கும். ஷீரனின் ‘ஷேப் ஆஃப் யூ’ பாட்டை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 96 பீட், அதாவது தாளத் தட்டு. நான்கு பீட் ஒரு பார்; நான்கு பார் என்றால் 16 பீட், சரியாக 10 நொடி. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் பத்தில் ஒரு நொடி தாமதமாக மிதித்தால் சுற்று 10.1 நொடியாகிவிடும். பெட்டிக்குத் தாளம் தெரியாது. அந்தக் கூடுதல் இடைவெளியையும் சேர்த்தே ஓட்டும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் அதே இடத்தில் நொண்டும்.

பதினாறாவது பீட்டில் மிதிக்காதீர்கள். அது முடிந்து, அடுத்த ‘ஒன்று’ விழும் அதே கணத்தில் மிதிக்க வேண்டும், அதாவது சமத்தில். அதற்குக் கால் பதினைந்திலேயே பெடலுக்கு மேலே தயாராக இருக்கட்டும். குனிந்து பார்த்துவிட்டு மிதித்தால் கட்டாயம் பிந்தும். கை வாசிப்பை நிறுத்திவிட்டுக் கால் மிதிப்பதும் தவறு. மிதிக்கும்போதும் கை வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் ஒரு வாரம் கார்டே வேண்டாம், வெறும் தட்டு மட்டும் பதிந்து பழகுங்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் சறுக்கும். எல்லா அடுக்கையும் தடித்த கம்பிகளிலேயே வாசித்தால் நான்காவது அடுக்கில் சத்தம் கூழாகிவிடும். கீழ்ச் சுரங்களில் ஒன்று, நடுவில் ஒன்று, மேல் சுரங்களில் ஒன்று என்று இடம் பிரித்துக் கொடுங்கள். ஸ்பீக்கரை எதிரே வைத்துக்கொண்டு குரலைப் பதிந்தால், ஓடிக்கொண்டிருக்கும் லூப்பையும் மைக் இழுத்துக்கொள்ளும். வீட்டில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பதியுங்கள்.  முதல் அடுக்கு கோணலாகிவிட்டால் மேலே எதைப் போட்டும் சரிக்கட்ட முடியாது. கூச்சப்படாமல் அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கேள்வி: அவர் பாடல்களில் அதே நான்கு கார்டுகள்தானே சுற்றிச் சுற்றி வருகின்றன? இதில் என்ன திறமை?
(வாசகர், மதுரை)

சுற்றி வருவது உண்மை. அதற்குக் காரணமே அந்தப் பெட்டிதான் என்பது எங்கள் கருத்து. லூப் ஓடும்போது நடுவில் கார்டு மாறினால் அதுவரை அடுக்கியதை நிறுத்தியாக வேண்டும். அதனால் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சுற்றில் நிற்கும் பாட்டுகளை அவர் எழுதிப் பழகினார். ‘ஷேப் ஆஃப் யூ’ முழுக்க சி ஷார்ப் மைனர், எஃப் ஷார்ப் மைனர், ஏ, பி, அவ்வளவுதான். கார்டு மாறாதபோது, சலிக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் மெட்டுக்கும் சொல்லுக்கும் வந்துவிடுகிறது. சரணத்தில் சொற்களை நெருக்கமாகக் கொட்டுவார், பல்லவியில் நீட்டிப் பாடுவார். அந்த நெருக்கம் ராப்பிலிருந்து வந்தது. சிறுவயதில் அவருக்குத் திக்குவாய். அமெரிக்க ராப் பாடகர் எமினெமின் ஒரு முழு ஆல்பத்தை மனப்பாடமாகச் சொல்லிச் சொல்லித்தான் திக்கு போயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். லூப்புக்குள் அடங்காத பாட்டுகளுக்கு 2022இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் இசைக்குழுவையும் சேர்த்துக்கொண்டார்.

கேள்வி: பாட்டைத் திருடியதாக அவர்மேல் வழக்கு வந்ததே, என்ன ஆயிற்று?
(வாசகி, யாழ்ப்பாணம்)

இரண்டு பெரிய வழக்குகள், இரண்டிலும் வென்றார். ‘ஷேப் ஆஃப் யூ’ வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு பாட்டு எழுதும் அமர்வுகளை எல்லாம் வீடியோ எடுத்து வைப்பதாகச் சொன்னார்.

அடுத்தது நியூயார்க்கில். ஷீரனின் ‘திங்கிங் அவுட் லவுட்’, அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயின் 1973ஆம் ஆண்டுப் பாட்டைப் போல இருக்கிறது என்று, அந்தப் பழைய பாட்டை மார்வின் கேயோடு சேர்ந்து எழுதியவரின் வாரிசுகள் தொடுத்த வழக்கு. இரண்டு பாட்டிலும் அடிச்சுரம் ச–க–ம–ப என்றுதான் ஏறுகிறது. ஆனால் மேலே உள்ள கார்டு வேறு. மார்வின் கே பாட்டில் இரண்டாவதாக வருவது ஒரு மைனர் கார்டு. ஷீரன் பாட்டில் முதல் கார்டே காந்தாரத்தைக் கீழே வைத்துக்கொண்டு மறுபடி வருகிறது. இதை அவர் சாட்சிக் கூண்டிலேயே கிட்டாரை எடுத்து வாசித்துக் காட்டினார். 2023 மே 4 அன்று ஜூரி அவருக்குச் சாதகமாக முடிவு சொன்னது. ச–க–ம–ப வரிசைக்கு யாரும் பட்டா போட்டுக்கொள்ள முடியாது. அந்த முடிவு இசை எழுதும் எல்லோருக்கும் நல்லது.

கேள்வி: டிவி போட்டி எதுவும் இல்லாமல் எப்படி மேலே வந்தார்?
(வாசகர், சேலம்)

கச்சேரி செய்து செய்து. 1991இல் ஹாலிஃபாக்ஸில் பிறந்து, சஃபோக் மாவட்டத்தின் ஃபிராம்லிங்ஹாம் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். பதின்பருவத்திலேயே லண்டன் போய், 2009இல் மட்டும் 312 நிகழ்ச்சிகள். 2010இல் ஜமால் எட்வர்ட்ஸின் எஸ்பிடிவி யூடியூப் சேனலில் வந்த வீடியோ அவரைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. 2011 ஜனவரியில் எந்த இசை கம்பெனியும் (லேபிள்) இல்லாமல் வெளியிட்ட இசைத்தொகுப்பு ஐடியூன்ஸில் இரண்டாம் இடம் வரை போனது. ஒப்பந்தம் வந்தது அதற்குப் பிறகுதான். 2017 மார்ச்சில் ‘டிவைட்’ ஆல்பம் வெளியானபோது அதன் 16 பாட்டும் ஒரே வாரத்தில் பிரிட்டன் பாட்டுப் பட்டியலின் டாப் 20க்குள் நுழைந்தன. ஒரு பாடகருக்கு மூன்று பாட்டுக்கு மேல் பட்டியலில் இடமில்லை என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று.

கேள்வி: அவர் வைத்திருக்கும் குட்டி கிட்டாரை என் மகளுக்கு வாங்கலாமா?
(வாசகி, பெங்களூரு)

அவர் நெடுநாள் வாசித்தது லிட்டில் மார்ட்டின் என்ற கிட்டார். கம்பியின் நீளம் 23 அங்குலம். பெரிய கிட்டாரில் 25.4. கம்பி இறுக்கம் குறைவு என்பதால் சின்ன விரல்களுக்கு வலி குறையும். ஆனால் அடிநாதம் மெலிந்துதான் ஒலிக்கும், எல்லாக் கம்பிகளையும் சேர்த்து ஓங்கி அடித்தால் சுருதி விலகும். தாராளமாக வாங்குங்கள், கூடவே சுருதி சேர்க்க ஒரு கிளிப் டியூனரும்.

கேள்வி: சென்னைக்கு வந்தாரா?
(வாசகர், வேலூர்)

வந்தார். 2025 பிப்ரவரி 5, நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம். ஏ.ஆர்.ரஹ்மான் மேடையேறி, ‘ஊர்வசி’யும் ‘ஷேப் ஆஃப் யூ’வும் ஒன்றாகக் கலந்து ஒலித்தன.